உறங்கும் மாடுகளின் பள்ளிக்கூடம்

மலைகளுக்கும் தூக்கம் வரும் என்று மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் மஞ்சுக்குன்றம் என்று ஒரு மலை இருந்தது. அது காலையில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கும். நடுப்பகலில் சற்றே கண் விழிக்கும். மாலையில் மறுபடியும் போர்த்திக்கொள்ளும். கேட்கிறவர்களில் யாராவது இப்போதே கொட்டாவி விட்டால் தப்பில்லை. இது கொஞ்சம் தூக்கக் கலக்கமான கதைதான்.

அந்த நாட்டுக்கு ஓர் அரசன் உண்டு. கதை என்று வந்துவிட்டால் அரசன் இல்லாமல் முடியுமா? ஆனால் இந்தக் கதையில் அவனுக்கு ஒரே ஒரு வேலைதான். ஒருமுறை அவனுடைய குதிரைக்குக் காலில் முள் தைத்தது. வைத்தியர் சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போய்க் குனிந்தார். குதிரை உதைத்தது. வைத்தியருக்குப் பல் போயிற்று. அரசனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இரக்கம் வந்தது, அதற்கும் பிறகு யோசனை வந்தது.

"இனிமேல் என் நாட்டில் கால்நடை வைத்தியம் படிக்கிறவர்கள் தூங்குகிற விலங்கைத் தொட்டுப் படிக்கட்டும்" என்று அவன் ஆணையிட்டான். அதற்கென்றே மஞ்சுக்குன்றத்தின் உச்சியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தான். அதோடு அவன் வேலை முடிந்தது. அவனும் நிம்மதியாகத் தூங்கட்டும், நாம் மேலே போவோம்.

மஞ்சுக்குன்றத்தில் மட்டும்தான் துயிற்பூ பூக்கும். வெளிறிய நீல நிறம், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அதைக் காயவைத்து மண்கலயத்து நெருப்பில் தூவினால் மெல்லிய புகை எழும். அந்தப் புகையை இழுத்த மாடு முன்னங்காலை மடக்கி மெதுவாகப் படுத்துவிடும். குதிரை நின்றபடியே தலையைத் தொங்கவிடும். நாய் சுருண்டுகொள்ளும். மாணவர்கள் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள்.

சுகமான படிப்பு. மாடு உதைக்காது, குதிரை கடிக்காது, நாய் உறுமாது. விலா எலும்புகளை அவர்கள் விரலால் தடவித் தடவிப் பழகினார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை என்பதை உதட்டைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அதன் வயிற்றில் நான்கு அறைகள் இருப்பதையும், அவற்றில் மிகப் பெரியது இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பதையும் காதை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். குதிரையின் குளம்பு என்பது ஒற்றை விரலின் நகம்தான் என்று அறிந்தபோது தங்கள் கைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

பாடத்துக்குக் கொண்டுவரும் மாட்டுக்கு முந்தைய நாள் மாலையிலிருந்தே தீனி கிடையாது. பள்ளி தொடங்கிய நாள் முதல் அதுதான் வழக்கம். ஏன் என்று ஆரம்பத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும். போகப்போக வழக்கம் மிஞ்சியது, காரணம் மறந்துபோயிற்று. நம் வீடுகளிலும் அப்படிச் சில வழக்கங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

அந்தப் பள்ளியில் மூன்று பேர் ஒன்றாகப் படித்தார்கள். சேந்தனுக்கு விரல் நுனியில் கண். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்ட எலும்பின் பெயரைச் சொல்லிவிடுவான். அழிசிக்குக் கயிறுதான் உயிர். எப்பேர்ப்பட்ட எருதையும் இமைப்பொழுதில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவான், எருது தூங்கிக்கொண்டிருந்தால். மூன்றாமவள் எயினி. அவளுக்கு என்ன இருந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்குத் தூக்கம் இருந்தது.

அது தொடங்கிய விதம் இப்படி. ஒருநாள் பாடம் நீண்டுகொண்டே போயிற்று. எயினியின் மூக்கில் கட்டியிருந்த துணி காய்ந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. புகை கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள்ளும் இறங்கியது. பசுவின் வயிற்றில் காது வைத்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். துயிற்பூவுக்கு ஒரு குணம் உண்டு, அது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்தப் புகையில் இரண்டு உயிர்கள் ஒட்டிக்கொண்டு தூங்கினால், ஒன்றின் கனவு மற்றொன்றுக்குள் வழிந்துவிடும்.

எயினி பசுவின் கனவைக் கண்டாள்.

கனவில் அவளுக்குக் கண்கள் முகத்தின் இரண்டு ஓரங்களில் இருந்தன. உலகம் மிக அகலமாகக் கிடந்தது. இந்தப் பக்கத்து ஓடையும் அந்தப் பக்கத்து மலையும் ஒரே சமயத்தில் தெரிந்தன. ஆனால் வாலுக்கு நேர் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. மூக்குக்கு நேர் முன்னாலும் ஒரு சாண் இருட்டு. அந்த இரண்டு இருட்டிலிருந்தும் கைகள் வந்தன. விலாவைத் தடவின, உதட்டைத் தூக்கின, வயிற்றை அமுக்கின. யாருடைய கைகள் என்று தெரியவில்லை. ஓடலாம் என்றால் கால் அசையவில்லை. கத்தலாம் என்றால் வாய் திறக்கவில்லை.

எயினி வியர்த்துக்கொட்டி எழுந்தாள். பசு அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது அமைதிதான். அவளுக்கு மட்டும் அழுகை வந்தது.

அடுத்த முறை அவள் வேண்டுமென்றே துணியைக் காயவிட்டாள். இப்போது குதிரையின் கழுத்தில் சாய்ந்திருந்தாள். குதிரையின் கனவில் தோல் முழுவதும் விழித்திருந்தது. ஓர் ஈ உட்கார்ந்தாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. காதுகள் தனித்தனியாகத் திரும்பி எல்லாத் திசையிலும் காலடி ஓசையையே தேடின. பேசிக்கொண்டு வந்தது மனிதன். பேசாமல் வந்தது எல்லாமே புலி.

அதற்கும் அடுத்த முறை நாயின் கனவு. அதில் நிறங்கள் மங்கியிருந்தன, வாசனைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. உயரத்திலிருந்து ஒரு பெரிய முகம் குனிந்து வந்தது. நேருக்கு நேர் முறைத்தது. பற்களைக் காட்டியது. தலைக்கு மேலே ஒரு கை இறங்கியது. நமக்கு அது சிரிப்பும் செல்லமும். நாய்க்கு அது சண்டைக்கு அழைக்கிற முகமும் மேலிருந்து விழுகிற கல்லும்.

எயினி பள்ளித் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்லவர், ஆனால் தன் பாடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராதவர்.

"கனவுல கண்டதுக்கு எலும்பு உண்டா, தசை உண்டா? இல்லாத உறுப்பை நான் எப்படிம்மா பாடம் நடத்தறது?" என்றார்.

"மாட்டுக்குக் கண்ணு பக்கவாட்டுல இருக்குன்னு நீங்கதானே ஐயா சொல்லிக் கொடுத்தீங்க? அப்போ அதுக்குப் பின்னால இருக்கிற இருட்டும் உடம்போட சேர்த்திதானே?" என்றாள் எயினி.

தலைவர் அவளுடைய மூக்குத் துணியைத் தானே வாங்கித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவள் கையில் கொடுத்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

சேந்தனும் அழிசியும் சிரித்தார்கள். "நாங்க எலும்பு படிக்கிறோம், நீ எருமைகூட ஊர் சுத்திட்டு வா" என்றான் சேந்தன். எயினிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவள் இன்னும் அதிகமாகத் தூங்கினாள். இங்கேதான் அவளும் ஒரு தப்புச் செய்தாள். கனவு இழுத்ததால் பாடம் கசந்தது. மாட்டு வயிற்றைப் பற்றிய பாடம் நடந்த நாட்களில், எந்த இடத்தில் எது இருக்கிறது, அவசரத்துக்கு எங்கே குத்தலாம், எங்கே குத்தக் கூடாது என்று மற்றவர்கள் விரல் வைத்துப் பழகியபோது, அவள் பசுக்களோடு எங்கோ மேய்ந்துகொண்டிருந்தாள்.

எப்படியோ தேர்ச்சி பெற்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்த அன்று மூவருக்கும் பள்ளியின் சீர்வரிசை கிடைத்தது. துயிற்பூவோடு ஒரு புகைக்கலயம். ஒரு சுருள் கயிறு. பித்தளைக் குழலுக்குள் செருகிய ஓர் இரும்பு ஊசி. வயிறு உப்பிய மாட்டுக்குள் அந்த ஊசியைச் செலுத்திவிட்டு உருவினால் குழல் மட்டும் உள்ளே நிற்கும், காற்று அதன் வழியே வெளியேறும். மூவரும் மூன்றையும் எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினார்கள்.

மலையடிவாரத்தில் ஆயர்களின் சிற்றூர் ஒன்று இருந்தது. முதல் மழை பெய்து ஓய்ந்த காலை. நனைந்த கொள்ளுக்கொடி இளம்பச்சையாகத் தளதளவென்று நின்றது. கொள்ளுக்காட்டு வேலி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் மூன்று மாடுகள் உள்ளே புகுந்து, ஈரக்கொடியை வயிறு கொள்ளாமல் தின்றிருந்தன. ஒன்று எருது, ஒன்று கிடாரி, ஒன்று கறவைப் பசு. மூவரும் ஊருக்குள் நுழைந்தபோது அந்த மூன்றுக்கும் வயிறு பறை கட்டியதுபோல் உப்பியிருந்தது. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன.

கறவைப் பசுவின் பெயர் மயிலை. சாம்பல் நிறம். அதன் சொந்தக்காரன் ஆதன் ஒரு கைக்குழந்தையைத் துணியில் முடிந்து மார்பில் கட்டியிருந்தான். அவன் மனைவி பிள்ளை பெற்ற கையோடு இறந்துபோனாள். ஊரில் அப்போது பால் கொடுக்கிற தாயும் இல்லை, மற்ற கறவைகள் தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பால் கறக்கிற வேறு மாடும் இல்லை. மயிலையின் பால்தான் அந்தக் குழந்தைக்கு உயிர். மயிலை போனால் குழந்தையும் போகும். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், ஆதன் முகத்தைப் பார்க்க முடியாமல் எல்லாரும் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் சேந்தன் எருதிடம் போனான். எங்கே குத்த வேண்டும் என்று அவனுக்கு மிக நன்றாகத் தெரியும். பள்ளியில் கற்றபடியே கலயத்தை ஊதிப் புகை போட்டான். எருது புகையை இழுத்தது, தள்ளாடியது, சாய்ந்தது. பட்டினி கிடந்த மாடு மடிந்து படுக்கும். தின்று உப்பிய மாடு மரம் முறிந்ததுபோல் விழும். அது இடப்பக்கமாக விழுந்தது. சேந்தனின் ஊசிக்கு வேண்டிய இடம் அந்தப் பெரிய உடம்புக்கு அடியில் போய்விட்டது. தூங்குகிற மாட்டுக்கு ஏப்பமும் வராது. வயிறு இன்னும் இன்னும் உப்பி நெஞ்சை நெருக்கியது. ஊரே சேர்ந்து புரட்டப் பார்த்தது. புரள்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சேந்தன் ஊசியைக் கையில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து அழிசி. "புகை வேணாம், கயிறு போதும். எல்லாரும் சேந்து வளைச்சுக்கிட்டு வாங்க" என்றான். ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு கிடாரியை நெருக்கினார்கள். நாய்கள் குரைத்தன. அழிசி சுருக்கை வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனான், அந்த இருட்டுக்குள் போனான். குதிரை பின்னால் உதைக்கும். மாடு காலைப் பக்கவாட்டில் வளைத்தும் வீசும், தூங்குகிற மாடு அதை அவனுக்குக் காட்டியதே இல்லை. வீசிய உதையில் அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கிடாரி மிரண்டு ஓடி ஓடைப்பள்ளத்தில் விழுந்தது. அதற்கு மேல் எழவில்லை.

மிச்சம் இருந்தது மயிலை.

ஆயர்கள் கோலை எடுத்துக்கொண்டார்கள். "உங்க வைத்தியமே வேணாம், மலைக்கே போயிருங்க" என்றார் ஒருவர். ஆதன் பசுவுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டான்.

எயினி தன் கலயத்தைக் கீழே வைத்து அதில் தண்ணீரை ஊற்றினாள். நெருப்பு அணைந்தது. கயிற்றையும் கீழே போட்டாள். வெறுங்கையோடு ஆதனைப் பார்த்து, "அண்ணே, இதை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

ஆதனுக்குப் புரியவில்லை. "மயிலைன்னுதான். வா தாயின்னு சொல்லுவேன்."

"அப்படியே கூப்பிட்டுக்கிட்டு அதோட தோள்பக்கமா நில்லுங்க. உங்க துண்டை மட்டும் எனக்குக் குடுங்க. நாயையெல்லாம் பிடிச்சுக் கட்டச் சொல்லுங்க. யாரும் சத்தம் போட வேணாம்."

அவள் கையையும் முகத்தையும் கழுவி, புகைவாசம் போகத் தேய்த்து, ஆதனின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தையை யார் வைத்துக்கொள்வது? முறிந்த காலை நீட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் கிடந்த அழிசி கையை நீட்டினான். "என்கிட்ட குடுங்க. வேற எதுக்குத்தான் இனி நான் ஆவேன்?"

எயினி நேராகப் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தோளைப் பார்த்துச் சாய்வாக, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ வேறு வேலையாகப் போகிறவள்போல் நடந்தாள். மயிலை தலையைத் தூக்கியது. அவள் நின்றாள். ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு அசையாமல் நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

கேட்கிறவர்களே, சும்மா நிற்பதைவிடக் கடினமான வைத்தியம் இல்லை. பசுவின் நாக்கு வெளியே தொங்குகிறது, குழந்தை அழுகிறது, ஓர் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறது. இவள் கைகட்டி நிற்கிறாள். ஆதனுக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, வைத்தியம் பாக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

"நான் இப்ப ஒரு அடி வச்சா அது ஓடிரும் அண்ணே. ஓடினா வயிறு நெஞ்சை இன்னும் நெருக்கும். நீங்க நிறுத்தாமக் கூப்பிடுங்க. அதுக்குப் பயம் கொஞ்சம் இறங்கட்டும்."

அப்போது மலையிலிருந்து பனி மெல்ல இறங்கி வந்தது. வீடுகள் மங்கின, ஆட்கள் மங்கினார்கள். ஆதனின் "வா தாயி, வா தாயி" மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. எயினிக்குத் தான் விழித்திருக்கிறோமா, மறுபடியும் பசுவின் கனவுக்குள் போய்விட்டோமா என்று தெரியவில்லை. அந்த அகலமான உலகத்தின் ஓரத்தில் தான் நிற்பது அவளுக்கே தெரிந்தது. இருட்டில் இல்லை, வெளிச்சத்தில் நின்றாள். துண்டில் தெரிந்த வாசனை இருந்தது. குரலும் தெரிந்த குரல்தான்.

மயிலையின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. பிறகு தலை தாழ்ந்தது.

எயினி பேசிக்கொண்டே போய்த் தோளில் கை வைத்தாள். கழுத்துக்கு அடியில் மெதுவாகச் சொறிந்தாள். ஆதனும் அவளுமாகப் பசுவை ஒரு மேட்டில் முன்கால் இருக்கும்படி ஏற்றி நிறுத்தினார்கள். முன்பக்கம் உயர்ந்தால் காற்று மேலே வர வழி கிடைக்கும். வாயில் குறுக்காக ஒரு குச்சியை வைத்துக் கட்டினாள். மயிலை குச்சியை மென்றது, எச்சில் ஒழுகியது, நுரையோடு சின்னதாக ஓர் ஏப்பம் வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

ஆனால் வயிறு இறங்கவில்லை. ஈரக்கொள்ளு உள்ளே நுரைத்துக் கிடந்தது. மயிலையின் கால்கள் நடுங்கத் தொடங்கின.

இனி ஊசிதான் வழி. எயினி இடப்பக்க வயிற்றைப் பார்த்தாள். பட்டினி நாட்களில் உள்ளே இறங்கி நிற்கும் குழி இப்போது மேடாகப் புடைத்திருந்தது. அதில் எந்த இடம்? மேலேயா, கீழேயா? எவ்வளவு தள்ளி? தப்பான இடத்தில் குத்தினால் வேறு எதையாவது கிழித்துவிடும். அந்தப் பாடத்தன்று அவள் தூங்கியிருந்தாள். கனவுகளில் எதிலும் அந்த இடம் வரவில்லை. எந்த விலங்குதான் தன் வயிற்றுக்குள் பார்த்திருக்கிறது?

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம் இல்லை.

"சேந்தா, எனக்கு இடம் தெரியல" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

செத்த எருதின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேந்தன் தலையைத் தூக்கவில்லை. "என் கை பட்டா செத்துப்போகுது. என்னைக் கூப்பிடாத."

"உன் விரலுக்குத் தெரிஞ்சது இந்த ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. வா. தோள்பக்கமா வா. பேசிக்கிட்டே வா."

"என்ன பேசறது?"

"உனக்கு என்ன தெரியுமோ அதைப் பேசு. எலும்பு பேரைச் சொல்லிக்கிட்டு வா."

சேந்தன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாய்வாக, மெதுவாக நடந்து வந்தான். வரும்போதே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தான். "இது தோள்பட்டை... இது முதல் விலா... இது அடுத்தது..." தாலாட்டு மாதிரி இருந்தது அது. கூட்டத்தில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். மயிலை காதைத் திருப்பித் தன் எலும்புகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்றது. வாழ்நாளில் முதல்முறையாகச் சேந்தன் ஒரு விலங்கின் விழித்த கண்ணைப் பக்கத்தில் பார்த்தான். அதில் அவன் முகம் சின்னதாகத் தெரிந்தது.

எயினி கழுத்தை அணைத்துக்கொண்டு சொறிந்துகொண்டே இருந்தாள். சேந்தனின் விரல் முதுகிலிருந்து இறங்கியது. "இது கடைசி விலா. இது இடுப்பெலும்போட முனை. மேல முதுகெலும்போட ஓரம். இந்த மூணுக்கும் நடுவுல... இங்க." விரல் நின்றது. "ஊசி முனை எதிர்ப்பக்கத்து முன்னங்கால் முட்டியைப் பாத்துப் போகணும்."

"நீயே குத்து. நான் அதுகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் எயினி.

சேந்தன் குத்தினான். மயிலை ஒருமுறை சிலிர்த்தது, நகரவில்லை. ஊசியை உருவியதும் குழலில் நுரைதான் பொங்கியது. சேந்தன் நல்லெண்ணெய் கேட்டான். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். குழல் வழியாகவே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். நுரை உடைந்தது. பிறகு காற்று வந்தது, புளித்த புல்லின் நாற்றத்தோடு, சீறிக்கொண்டு. ஒரேயடியாக விட்டால் மாடு மயங்கிவிடும் என்று கட்டைவிரலால் குழலை மூடி மூடித் திறந்தான். வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. ஊரில் ஒருவரும் அசையவில்லை. காற்று தீர்ந்தபோது பனியும் விலகியிருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் மயிலை அசைபோட ஆரம்பித்தது. ஆதன் வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து, மடியைத் தொடுவதற்கு முன் "தாயி" என்று சொல்லிவிட்டு, ஒரு குவளை பால் கறந்தான். குழந்தை அழிசியின் மடியிலேயே கிடந்து, சங்கில் ஊற்றிய பாலைக் குடித்தது. அழிசிக்குக் காலில் பச்சை மூங்கில் பட்டை கட்டியிருந்தார்கள். வலியில் முகம் கோணியிருந்தாலும் குழந்தையை மட்டும் அவன் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

யாரும் எயினியைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. எருதையும் கிடாரியையும் புதைக்கக் குழி வெட்ட வேண்டியிருந்தது. சேந்தன் முதல் மண்வெட்டியை எடுத்தான், எயினி இரண்டாவதை. எருதின் சொந்தக்காரர் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "மூணுல ஒண்ணைக் காப்பாத்திட்டீங்க. சரிதான். மத்த ரெண்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

சேந்தன் மண்ணை வெட்டிக்கொண்டே இருந்தான். எயினிதான் சொன்னாள். "நான் கனவு கண்டேன் ஐயா, பாடத்தைக் கேக்கல. இவன் பாடத்தைக் கேட்டான், என் கனவைக் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் மலைமேலயே ஒருத்தருக்கொருத்தர் காது குடுத்திருந்தா உங்க எருது இப்ப நின்னுக்கிட்டிருக்கும்."

அவர் குனிந்து, எருதின் கொம்பில் சுற்றியிருந்த மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஓர் உயிரின் உடலை மட்டும் கற்றவரும் அதன் அச்சத்தை மட்டும் கற்றவரும் அரை வைத்தியரே; இரண்டையும் கற்று, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கிற கைதான் விழித்திருக்கும் உயிரைத் தொடத் தகுந்தது.